மிச்சமிருந்த இரண்டு வரி இடம்

காலை ஏழு மணிக்கு எமில் டைனிங்கர் தன் அறைக் கதவைத் திறந்தபோது அவருடைய நாற்காலியில் ரோஸ்விட்டா கூப்லர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆலைப் பத்திரிகையின் புது இதழ், மூன்றாம் பக்கம் மேலே தெரியும்படி மடித்திருந்தது.

"இந்தக் கடைசி ரெண்டு வரி," என்றார். "இதை எதுக்கு எழுதினீங்க?"

டைனிங்கருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பதினாறு வருஷமாக அந்தப் பத்திரிகையை நடத்துகிறார். யாராவது கடைசி வரி வரைக்கும் படிக்கிறார்கள் என்பதற்கு அன்றுவரை ஓர் ஆதாரமும் கிடைத்ததில்லை.

"இடம் மிச்சமிருந்துச்சு," என்றார்.

அது உண்மை. ஓட்டன்ரீட் ஊரிலிருந்த ரைஷ் பிரஷ் தொழிற்சாலையின் பத்திரிகை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். நாலு பக்கம். முதல் பக்கத்தில் முதலாளியின் வாழ்த்து. இரண்டாம் பக்கத்தில் பிறந்தநாள்கள். நாலாம் பக்கத்தில் ஒரு காளான் சமையல் குறிப்பும் கால்பந்துக் குழுவின் தோல்விகளும். மூன்றாம் பக்கம் மட்டும் டைனிங்கருக்குச் சொந்தம். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லை எடுத்து, அது எங்கிருந்து கிளம்பி எப்படி நம் வாய்க்கு வந்து சேர்ந்தது என்று எழுதுவார். சரக்கு அனுப்பும் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்து உலகம் முழுக்கத் துடைப்பம் அனுப்பியவர் அவர். ஆனால் மனசு அந்த ஒரு பக்கத்தில்தான் குடியிருந்தது.

இந்த முறை எடுத்த சொல் 'ஃபையராபெண்ட்'. வேலை முடிந்து கிளம்பும் நேரத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஏழு மணிக்கு ஆலைக்குள் நுழையும் ஆள் ஏழேகாலிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். 'ஃபையர்' என்றால் பண்டிகை, 'ஆபெண்ட்' என்றால் மாலை. வாரத்தில் ஐந்து நாளும் அப்படி என்ன பண்டிகை என்று யாரும் கேட்டதில்லை. டைனிங்கர் கேட்டார். ஆதியில் அது பண்டிகைக்கு முந்தின மாலையை மட்டுமே குறித்தது. தேவாலய மணி அடித்ததும் பட்டறைகளில் கருவிகளைக் கீழே வைத்துவிடுவார்கள். பிறகு கைவினைஞர்கள் அந்தச் சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லா நாளுக்கும் இழுத்துக்கொண்டார்கள். உழைக்கிறவன் முதலாளியிடமிருந்து சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது இது என்று நாற்பது வரியில் அழகாக எழுதி முடித்திருந்தார்.

அங்கேயே விட்டிருக்கலாம். அச்சகத்துக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டு வரி இடம் மிச்சம் என்றார். வெறும் இடம் டைனிங்கருக்குப் பொறுக்காது. ஆலையை ஆரம்பித்த கிழவர் ரைஷ் 1911-இல் கையெழுத்துப் போட்ட ஆலை விதிகள் கோட்டு மாட்டும் ஆணிகளுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அதன் ஏழாம் பத்தியை எடுத்துப் போட்டார். 'பண்டிகைகளுக்கு முந்தின நாளில் தேவாலயத்தின் மூன்று மணி ஓசையோடு வேலை நிற்கும்.' கூடவே தன் கைச்சரக்காக ஒரு வரி: 'இதை யாரும் ரத்து செய்ததாகத் தெரியவில்லை.'

கூப்லர் அம்மாள் தொழிலாளர் குழுவின் தலைவி. பன்றி முடியைத் தரம் பிரிக்கும் கூடத்தில் இருபத்து நாலு வருஷம். சம்பளப் பேச்சுவார்த்தையில் முதலாளியின் வக்கீலையே ஒருமுறை அழ வைத்தவர் என்று பேச்சு. அவர் இந்த இரண்டு வரியைப் பார்த்துத் துள்ளிக் குதித்திருக்க வேண்டும் என்று டைனிங்கருக்குத் தோன்றியது.

"நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன். உங்க ஆளுங்களுக்கு நல்லதுதானே?"

"எங்க ஆளுங்களுக்கு எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியும், டைனிங்கர் ஐயா. இதை யாராச்சும் படிச்சுட்டா என்ன பண்றது?"

"யாரும் படிக்க மாட்டாங்க."

"அந்த ஹானோவர்க்காரர் படிப்பார்."

ஹானோவர்க்காரர் என்பது ஹார்ம்ஸன், புது உற்பத்தி எஞ்சினியர். வடக்கிலிருந்து வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. கெட்டவர் இல்லை. ஆனால் தீயணைப்புக் குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக்கூட நின்று முழுக்கப் படிக்கிற ஜாதி.

அவர் மதியத்துக்குள் படித்துவிட்டார். 'ஏழாம் பத்தி இப்போது அமலில் உள்ளதா? தெளிவுபடுத்த வேண்டுகிறேன்' என்று தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் குத்தினார். எங்கள் நாட்டில் வாயால் கேட்டதைக் காற்றோடு விட்டுவிடலாம். எழுதிக் கேட்டதை எழுதித்தான் மூட வேண்டும். ஆலையில் பல வருஷமாக யாரும் யாரையும் எதுவும் எழுதிக் கேட்டதில்லை. பலகைக்கு முன்னால் நின்றவர்கள் முகத்தைப் பார்த்தால் யாரோ செத்துப்போன அறிவிப்பு மாதிரி இருந்தது.

டைனிங்கர் இதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார்.

அவருடைய அறை ஆலையின் பின்கோடியில், ரயில் பாதையைப் பார்த்தபடி இருந்தது. சரக்குச் சீட்டுகள் ஒரு கம்பிக் கூடையில் வரும், கம்பிக் கூடையில் போகும். பின்வாசலில், வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் ஆளுக்கொரு அட்டையில் பதிக்கும் பழைய கடிகாரம் ஒன்று இருந்தது. ஏழு மணிக்கும் நாலரைக்கும் அதில் அட்டை அடிப்பவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் முன்வாசல் கடிகாரம். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில் பாதையோரமாகவே எங்கள் கிராமத்துக்கு வந்துவிடுவார். ஆறு கிலோமீட்டர். எங்கள் கிராமத்திலிருந்து ரைஷ் ஆலைக்குப் போனவர் வேறு யாரும் இல்லை.

ஆலையில் எல்லாரும் ஒருவரையொருவர் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். டைனிங்கரை மட்டும் நீங்கள் என்பார்கள். படித்த மனிதன் என்ற மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார். கடமையில் அவரைக் குறை சொல்ல முடியாது. 1972 ஜனவரியில், மூன்று ராஜாக்கள் பண்டிகைக்கு முந்தின நாள், பாய்லர் நின்றுபோய் ஆலை ஐஸ் பெட்டியாகிவிட்டது. மூன்று மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். டைனிங்கர் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு நாலரை வரை உட்கார்ந்து டென்மார்க்குக்கு எழுநூறு பாட்டில் பிரஷ் அனுப்பினார். சில பிற்பகல்களில் கூடங்களிலிருந்து சத்தம் வராது. இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் நாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த அமைதியில்தான் அவர் தன் சிறந்த பத்திகளை எழுதினார்.

இப்போது ஒரு விளக்கச் சீட்டு எழுதினார். 1911-இல் 'பண்டிகை' என்றால் மறைமாவட்டத்தின் தேவாலயப் பண்டிகைகள். இன்றைய அரசு விடுமுறை அல்ல. ஆகவே அந்தப் பத்தி காலாவதியான ஒன்று. இதை நிரூபிக்க அந்தக் காலப் பண்டிகைகளின் பட்டியலையும் சேர்த்தார். இருபத்தெட்டு. இவ்வளவு நாளைப் பார்த்தால் யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர் கணக்கு.

ஹார்ம்ஸன் சிரிக்கவில்லை. பட்டியலைக் கழற்றி எடுத்துப்போய், தன் அறைச் சுவரிலிருந்த உற்பத்தி அட்டவணையில் இருபத்தெட்டு நாளையும் பென்சிலால் வட்டமிட்டார். பதில் வரும்வரை தற்காலிகமாக என்று கீழே குறிப்பு.

மறுநாள் தபால் கொண்டுவந்த வாசல் காவலர் பென்னோ, வழக்கத்தைவிட மெதுவாக நடந்து வந்தார். பென்னோவுக்கு வலது தோள் சரியில்லை. அவர் வருமுன்னே கற்பூரத் தைலத்தின் வாசனை வந்துவிடும். காவல் கூண்டில் காற்று வீசுகிறது என்பார்.

"முதலாளி கூப்பிடுறார்," என்றார். பிறகு, போகாமல் நின்று, "ஐயா, நீங்க நல்லவரு. ஆனா கொஞ்சநாளைக்குப் பேனாவை மூடி வைங்களேன்."

முதலாளி ரைஷ், கிழவரின் பேரன். அவர் அறையில் கதவுக்குப் பின்னால் தூண்டில் கழிகள் சாய்த்து வைத்திருக்கும். அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும்: யார் வாயையும் கட்டிப்போட்டவரில்லை. ஆனால் ஒரு பயம் இருந்தது. எங்கள் நாட்டுச் சட்டத்தில் முதலாளி ஒரு சலுகையை மூன்று முறை நிபந்தனை இல்லாமல் கொடுத்துவிட்டால் அது தொழிலாளியின் உரிமையாகிவிடும். அதனால் கிறிஸ்துமசுக்கு ஆளுக்கொரு பழரொட்டி கொடுப்பார், ஒவ்வொரு ரொட்டியிலும் ஒரு சீட்டு குத்தியிருக்கும்: 'விருப்பத்தின்பேரில் தரப்படுகிறது. வருங்காலத்தில் உரிமை கோர முடியாது.' ரொட்டி நன்றாக இருக்கும். சீட்டில் வெண்ணெய்க் கறை படிந்திருக்கும்.

அன்று ரைஷ் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"டைனிங்கர், ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு என்னதான் தெரியும்?"

"இந்தச் சொல்லைப் பத்தியா? பதினஞ்சாம் நூற்றாண்டு வரைக்கும் நல்லாத் தெரியும்."

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கப்புறம் அவ்வளவு சுவாரஸ்யமில்லை."

ரைஷ் நாற்காலியில் சாய்ந்தார். முகம் தெளிந்தது. "நல்லது. அங்கேயே இருங்க," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அனைத்துப் புனிதர் பண்டிகைக்குள் இந்த ஏழாம் பத்தி விவகாரம் முடிந்துவிட வேண்டும் என்றும், முடியாவிட்டால் பத்திரிகையை நிறுத்த வேண்டியிருக்கும் என்றும், தனக்கு அதில் வருத்தம்தான் என்றும் சொன்னார். பண்டிகைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

டைனிங்கர் வீட்டுக்கு வந்து அவர் மனைவியிடம், அதாவது என்னிடம், இதைச் சொன்னபோது மேசையில் ரொட்டியும் ஈரல் சாஸேஜும் வைத்திருந்தேன். அவர் சாஸேஜைத் தொடவில்லை. அப்போதுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது.

"ஒருத்தருக்கும் மூணு மணிக்கு வீட்டுக்குப் போக ஆசையில்ல," என்றார். "நம்ம ஆளுங்க மாதிரி உழைப்பாளிங்களை நான் பார்த்ததே இல்ல. பத்தியை வாபஸ் வாங்குன்னு தொழிலாளர் குழுவே வந்து கெஞ்சுது."

"உங்களுக்கு ஆசையில்லையா?"

"மூணு மணிக்கு வந்து நான் என்ன பண்ணுவேன்?"

நான் அணைக்கட்டைச் சொன்னேன். வழக்கமாகச் சொல்வதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே அங்கே நடக்கும், குழந்தைகள் வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக் கூச்சலிடும். வேலைநாளில், இருட்டுவதற்கு முன்னால், யாருமே இல்லாத அணைக்கட்டை ஒருமுறை அவரோடு பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் வீடு வந்துசேர்வதற்குள் அக்டோபரில் விளக்கு போட வேண்டியிருக்கும். ஓய்வு பெற்ற பிறகு போகலாம் என்பார். அன்றும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு, இருந்தாற்போல், "மணி," என்றார்.

"எந்த மணி?"

"மூணு மணி ஓசையோட வேலை நிக்கும்னுதானே இருக்கு? அந்த மணிதான் இப்ப அடிக்கிறதே இல்லையே. ஐம்பத்தெட்டுல மணிக்கு மின்சாரம் வெச்சதுலேருந்து கிடையாது. மணி இல்லேன்னா பத்தி இல்ல."

சாஸேஜை எடுத்துச் சாப்பிட்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் பாதிரியார் ஹோர்னிடம் போய், பண்டிகைக்கு முந்தின நாள் மணி இப்போது அடிப்பதில்லை என்று எழுதித் தரும்படி கேட்டார். பாதிரியார் எழுபது வயதுக்காரர். அந்த மணி நின்றுபோனது அவருக்கு இருபத்தைந்து வருஷ மனக்குறை. கேட்பாரில்லை. இப்போது ஒரு தொழிற்சாலையே ஆளனுப்பி அந்த மணியைப் பற்றிக் கேட்கிறது. அவர் டைனிங்கரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கவலையே படாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

"இல்ல ஃபாதர், நான் கேட்டது வந்து..."

"ஒரு வார்த்தை பேசாதீங்க."

அக்டோபர் பதினேழு, சுவிசேஷகர் லூக்காவின் நாளுக்கு முந்தின நாள். பிற்பகல் மூன்று மணிக்கு ஓட்டன்ரீட் தேவாலயத்தின் பெரிய மணி இருபத்தைந்து வருஷம் கழித்து அடித்தது. எட்டு நிமிஷம் அடித்தது. பன்றி முடிக் கூடத்தில் கேட்டது. மரம் கடையும் கூடத்தில் கேட்டது. தன் அறைச் சுவரில் அதே தேதியில் பென்சில் வட்டம் இருப்பதைக் கவனித்த ஹார்ம்ஸன், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். அதே வாரம் பாதிரியாரிடமிருந்து முதலாளிக்கு நன்றிக் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும் ரைஷ் ஆலையின் பக்தி ஐந்து நிமிஷம் புகழப்பட்டது.

திங்களன்று கூப்லர் அம்மாள் மறுபடியும் நாற்காலியில் இருந்தார். இந்த முறை எழுந்து நின்றார்.

"டைனிங்கர் ஐயா. இனிமே எதையும் சரி பண்ணாதீங்க."

ஆனால் டைனிங்கரிடம் இன்னொரு யோசனை இருந்தது, அதை ஏற்கெனவே முதலாளிக்கு எழுதியும் போட்டுவிட்டார். ரத்து செய்யவில்லை என்பதுதானே பிரச்சினை? இப்போது ரத்து செய்துவிட்டால் ஆயிற்று.

முதலாளி வக்கீலைக் கூப்பிட்டார். வக்கீல் வந்து கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் கோட்டுகளை விலக்கிக்கொண்டு கால்மணி நேரம் நின்றார். ரத்து செய்வதென்றால் இது இத்தனை நாள் அமலில் இருந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் எழுபத்திரண்டு வருஷமாக அதை மீறியிருக்கிறோம் என்றும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார். மீறியிருக்கிறோம் என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளிக்கு இருமல் வந்தது. கூப்லர் அம்மாள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். முதலாளிக்கும் தொழிலாளர் குழுவுக்கும் நடுவில் அப்படி ஓர் அன்பை டைனிங்கர் அதுவரை பார்த்ததில்லை.

வழி சொன்னது கூப்லர் அம்மாள்தான். அக்டோபர் முப்பத்தொன்று, பண்டிகைக்கு முந்தின நாள், பிற்பகல் இரண்டேகாலுக்குக் கேன்டீனில் ஆலைக் கூட்டம். எழுதியவர் எழுந்து, சொல்லின் மூலத்தைத் தான் தவறாக எழுதிவிட்டதாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்கும் பண்டிகை மாலைக்கும் சம்பந்தமே இல்லை என்றால் ஏழாம் பத்தியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஹார்ம்ஸனும் பதில் கிடைத்ததென்று குறித்துக்கொள்வார். பத்திரிகையும் பிழைக்கும். ஒரே நிபந்தனை, கூட்டம் மூன்று மணிக்குள் முடிந்துவிட வேண்டும்.

"வேலைக்குத் திரும்பணும் இல்லையா," என்றார் டைனிங்கர், மெச்சிக்கொண்டு.

கூப்லர் அம்மாள் ஜன்னல் வழியே ரயில் பாதையைப் பார்த்தார். "ஆமா," என்றார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அவர் அகராதியைத் திறப்பார், மூடுவார். எட்டுப் பாகம். 'F' எழுத்துள்ள பாகத்தின் முதுகு பிய்ந்துபோய் நான் துணி ஒட்டியிருந்தேன். இப்போதும் அலமாரியில் அப்படியே இருக்கிறது, துணியோடு.

"இதுவரைக்கும் ஒரு சொல்லைப் பத்திக்கூட நான் பொய் சொன்னதில்ல," என்றார்.

"மனுஷங்களைப் பத்தி?"

"அவங்களைப் பத்தி நான் எழுதுறதே இல்லையே."

"பத்திரிகை நின்னா நின்னுட்டுப் போகுது. நீங்க உண்மையையே சொல்லுங்க," என்றேன். அவர் யோசித்தார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். பன்னிரண்டு இதழ். பன்னிரண்டு சொல்லையும் அவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். பன்னிரண்டு உண்மைக்கு ஒரு பொய் என்று கடைசியில் முடிவுக்கு வந்தார். கடையில் பேரம் பேசத் தெரியாத மனிதர். தன் மனசாட்சியோடு பேசிய அந்தப் பேரம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்து அவருக்குப் படிந்தது.

கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். அட்டை அடிக்கும் நூற்றுப் பதினைந்து பேரும், முதலாளியும், கதவோரம் பென்னோவும். விசித்திரமாக, பல பேர் கோட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். சிலர் காலடியில் கடைக்குப் போகும் பை. கேன்டீனில் குளிர்போல என்று டைனிங்கர் நினைத்தார்.

முதலாளி பேசினார். கூப்லர் அம்மாள் பேசினார். இருவரும் சுருக்கமாக முடித்தார்கள். ஆனால் ஹார்ம்ஸனிடம் துணைக் கேள்விகள் ஆறு இருந்தன. ஒவ்வொன்றையும் முன்னுரையோடு கேட்டார். மணி இரண்டே முக்காலானது. இரண்டு ஐம்பத்தைந்தானது. கூட்டத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஆறாவது கேள்வி முடிந்து டைனிங்கர் எழுந்து நின்று, "அன்பார்ந்த சக ஊழியர்களே, இந்தச் சொல்லின் மூலம்," என்று ஆரம்பிக்கவும், பாதிரியார் ஹோர்னின் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

எட்டு நிமிஷம் அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். காத்திருக்கலாம் என்று வாயை மூடினார். முன்வரிசையிலிருந்து கூப்லர் அம்மாள் கையால் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார், மேலே போங்க, மேலே போங்க என்று.

அதனால் டைனிங்கர் தன் வாழ்க்கையின் ஒரே பொய்யைக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. இந்தச் சொல்லுக்கும் பண்டிகைக்கும் சம்பந்தம் கிடையாது என்று கத்தினார். டண் என்றது மணி. பண்டிகைக்கு முந்தின மாலை என்று தான் எழுதியது பிழை என்று கத்தினார். டண். ஏழாம் பத்தி, கிழவர் ரைஷின் வீட்டில் தங்கித் தொழில் பழகிய சிறுவர்களை ஜெபத்துக்கு அனுப்புவதற்காக எழுதியது, அப்படித் தங்குபவர்கள் 1926-க்குப் பிறகு யாருமில்லை என்று கத்தினார். பதினாறு வருஷத்தில் தான் செய்த முதல் தவறு இது, மன்னிக்க வேண்டும். டண்.

கைதட்டல் எழுந்தது. அப்படி ஒரு கைதட்டலை அந்தக் கேன்டீன் கேட்டதில்லை. மரம் கடையும் கூடத்து ஆட்கள் மேசையைக் குத்தினார்கள். யாரோ விசிலடித்தார்கள். ஹார்ம்ஸன் தன் நோட்டில் 'தீர்ந்தது' என்று எழுதி அடிக்கோடிட்டார். கூப்லர் அம்மாள் ஹார்ம்ஸனின் முழங்கையைப் பிடித்து, "வா, உனக்கு ஒண்ணு காட்டணும்," என்று அழைத்துக்கொண்டு போனார். முதலாளி டைனிங்கரின் கையைக் குலுக்கி, பத்திரிகை நடக்கட்டும், மறுப்பை மட்டும் இன்றைக்கே எழுதி முன்வாசல் பலகையில் குத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஒரு நிமிஷத்தில் கேன்டீன் காலி. அவ்வளவு அவசரமாக வேலைக்கு ஓடும் ஜனங்களை டைனிங்கர் எங்குமே பார்த்ததில்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் போய் ஓய்வு வாங்கிக் கொடுக்கப் பார்த்தோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

தன் அறைக்குத் திரும்பினார். எண்ணெய் போடும் நாள் போலிருக்கிறது, கூடங்களில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் மறுப்பை எழுதினார். நாலு முறை கிழித்து ஐந்தாம் முறை திருப்தியாக வந்தது. பொய்யாக இருந்தாலும் வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதில் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல். நாலரைக்குப் பின்வாசலில் அட்டை அடித்துவிட்டு, கையில் அந்தத் தாளோடும் நாலு குண்டூசியோடும் முன்வாசலுக்கு நடந்தார். பல வருஷத்தில் அந்த நேரத்தில் அவர் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல்முறை.

முற்றத்தில் யாருமில்லை. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு சைக்கிளும் இல்லை. முதலாளியின் கார் நிற்கும் இடத்தில் ஒரு காய்ந்த இலை கிடந்தது. காவல் கூண்டிலிருந்து மட்டும் டங், டங் என்று ஒரே சீராகச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

பென்னோ சட்டையை வலது தோளிலிருந்து இறக்கிவிட்டிருந்தார். கற்பூரத் தைலம் பளபளத்தது. இடது பக்கம் ஒரு மரத் தட்டு நிறைய அட்டைகள். ஒன்றை எடுப்பார், கடிகாரத்தில் செருகுவார், கைப்பிடியை இழுப்பார், வலது பக்கத் தட்டில் போடுவார். டங். அடுத்தது. கூப்லர் என்று ஓர் அட்டையில் இருந்தது. டங்.

டைனிங்கர் தாளைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"எல்லாரும் எங்கே, பென்னோ?"

பென்னோ கையை நிறுத்தவில்லை. நாலு முப்பத்தைந்துக்குள் முடிக்க வேண்டும். ஆனால் அவரை நன்றாக ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஆலையில் யாரும் செய்யாததைச் செய்தார், டைனிங்கரை 'நீ' என்றார்.

"அந்த பாய்லர் நின்ன வருஷத்துலேருந்து பண்டிகைக்கு முந்தின நாளெல்லாம் இந்த அட்டைங்களை நான்தான் அடிக்கறேன், எமில், இன்னைக்கு ஹார்ம்ஸனோடதும் வந்துடுச்சு, இனிமே பாக்கி உன்னோடது ஒண்ணுதான்."